ஆண் மார்புக் குறைப்பு: ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன்

கேள்வி, ஜனவரி 8, 2023
வயது 24. 14 வயதிலிருந்தே மார்பு பெண்களுக்கு இருப்பதுபோல் இருக்கிறது. மூன்று வருஷமாக ஜிம் போகிறேன். கை, தோள் எல்லாம் இறுகிவிட்டது. மார்பு மட்டும் காம்புப் பக்கம் கூராகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. போன வருஷத்தைவிட இப்போது அதிகம். அடுத்த மாதம் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன். லைபோசக்ஷன் (குழாய் வைத்துக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது) போதும், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். செய்துகொண்ட அண்ணன்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வலிக்குமா? நேரில் யாரிடமும் கேட்க முடியவில்லை.

ஜனவரி 8, இரவு
நான் செய்துகொண்டவன். 31 வயதில். வலி சமாளிக்கக்கூடியதுதான், அதைத் தனியாக எழுதுகிறேன் தம்பி. அதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். உங்களைப் படுக்க வைத்து யாராவது கையால் தொட்டுப் பார்த்தார்களா?

ஜனவரி 9
ஏன் கேட்டேன் என்றால், நான் முதலில் பார்த்த சர்ஜன் என்னைத் தொடவே இல்லை. சட்டையைக் கழற்றச் சொன்னார், மேஜைக்கு அந்தப் பக்கமிருந்தே பார்த்தார், "கொழுப்புதான், உறிஞ்சி எடுத்துவிடலாம்" என்றார். மொத்தம் ஆறு ஏழு நிமிடம். அதற்கே எனக்கு அவ்வளவு நிம்மதி. 16 வருஷம் மூடி வைத்திருந்ததை ஒருவர் பார்த்துவிட்டு முகம் சுளிக்காமல் பேசினாரே என்று அன்றைக்கே முன்பணம் கட்டியிருப்பேன். கையில் அவ்வளவு பணம் இல்லாததால் தப்பித்தேன்.

இரண்டாவதாகப் பார்த்தவர் மல்லாந்து படுக்கச் சொன்னார். இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரண்டு ஓரத்திலும் வைத்து, மெதுவாகக் காம்பை நோக்கி நகர்த்திக்கொண்டே வந்தார். பாதி தூரம் வரைக்கும் மெத்தென்று இருந்தது. காம்புக்கு அடியில் வந்ததும் விரல்களுக்கு நடுவில் ஏதோ தட்டுப்பட்டது, ரப்பர் வில்லை போல, வட்டமாக, லேசாக நழுவியது. "இங்கே பாருங்கள்" என்று என் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தார். என் உடம்பில் அத்தனை வருஷமாக இருந்ததை அன்றைக்குத்தான் நானே தொட்டுப் பார்த்தேன்.

அந்த வில்லைதான் சுரப்பித் திசு. அது இருந்தால் கைனகோமாஸ்டியா, அதாவது ஆண் மார்பில் சுரப்பி வளர்ந்த நிலை. விரல்கள் எதிலும் தட்டாமல் காம்புவரை வந்து ஒன்றையொன்று தொட்டுவிட்டால் அது வெறும் கொழுப்பு. பலருக்கு இரண்டும் கலந்துதான் இருக்கும். சுரப்பி நார் போல இறுகியது, குழாய் வைத்து உறிஞ்சினால் வராது. கொழுப்பை மட்டும் எடுத்துவிட்டால் சுற்றிலும் தட்டையாகி, நடுவில் காம்பு மட்டும் இன்னும் கூராகத் தெரியும். நீங்கள் 'கூராக' என்று எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு அதுதான் உறைத்தது.

ஜனவரி 9, மாலை
ஒருவர் கணக்குப் பார்த்துச் சொன்னார், சரிதான். எனக்கு ஆரம்பித்தது 13 வயதில், ஆபரேஷன் 31-ல். 16 இல்லை, 18 வருஷம்.

ஜனவரி 10
தம்பி பதில் போட்டிருக்கிறார்: யாரும் தொட்டுப் பார்க்கவில்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை, போட்டோ மட்டும் அனுப்பினாராம். அப்படியானால் தேதியைத் தள்ளி வையுங்கள். ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லவில்லை. மார்பு ஏன் வளர்ந்தது என்று தெரியாமல் வெட்டக்கூடாது என்கிறேன். அதுவும் உங்களுக்கு இப்போதும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

ஆண் உடம்பிலும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் உண்டு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனுக்கும் அதற்கும் உள்ள விகிதம் குலைந்தால் இந்தச் சுரப்பி வளரும். குலைக்கக்கூடியவை நிறைய. இதயத்துக்கும் கல்லீரலுக்கும் தரும் ஸ்பைரனோலாக்டோன், பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் கீட்டோகோனசோல், வயிற்றுப் புண்ணுக்குத் தந்த சிமெடிடின், முடி உதிராமல் இருக்கப் போடும் ஃபினாஸ்டரைட், மனநல மருந்துகளில் ரிஸ்பெரிடோன். குடி. கல்லீரல் சுருங்கிப்போவது. சிறுநீரகச் செயலிழப்பு. தைராய்டு அதிகம் சுரப்பது. பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை. அப்புறம், அரிதாக, விதையில் கட்டி.

இந்தக் கடைசி ஒன்றுக்காக டாக்டர் விதைகளையும் பார்க்க வேண்டும் என்பார். எனக்கு அது ஒரு அடிபோல இருந்தது. மார்புக்காக வந்தவனை எதற்கு இது என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். விதைக் கட்டி உள்ள சிலருக்கு மார்பு வீங்குவதுதான் முதல் அறிகுறி என்று அப்புறம்தான் தெரிந்தது. இப்போது சொல்கிறேன், பார்க்காத டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.

ரத்தத்தில் பார்ப்பது டெஸ்டோஸ்டிரோன், எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், ஈஸ்ட்ரடயோல், புரோலாக்டின், ஹெச்சிஜி ஆகிய ஹார்மோன்கள், அவற்றோடு தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம். எனக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. பருவ வயதில் வந்து கரையாமல் தங்கிவிட்டது, அவ்வளவுதான் காரணம். பலருக்கும் இப்படித்தான் முடியும்.

இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு யாரும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முக்கியமாக இதய மருந்தும் மனநல மருந்தும். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொன்னால் மாற்று மருந்து இருக்கிறதா என்று பார்ப்பார்.

தம்பி, நீங்கள் என்னென்ன எடுத்துக்கொள்கிறீர்கள்? பவுடர், ஊசி எல்லாம் சேர்த்து.

ஜனவரி 12
ஜிம்மில் ஸ்டீராய்டு ஊசி போடுவதை இங்கே எழுதியதற்கு நன்றி. எழுத எவ்வளவு தயங்கியிருப்பீர்கள் என்று தெரியும். இதற்காக யாரும் உங்களைத் திட்ட வேண்டாம் என்று மற்றவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். மார்பைத் தட்டையாக்கத்தான் ஜிம்முக்குப் போனார். அங்கே கிடைத்த ஊசி அதையே வளர்த்துவிட்டது. இதற்கு மேல் ஒரு தண்டனை வேண்டுமா?

நடப்பது இதுதான். வெளியிலிருந்து போகும் ஸ்டீராய்டில் ஒரு பகுதியை உடம்பு ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. அதைச் செய்யும் நொதிக்கு அரோமடேஸ் என்று பெயர். கொழுப்புத் திசுவில் அது அதிகம். இன்னொரு பக்கம், போதுமான அளவு இருக்கிறது என்று நினைத்து விதைகளைத் தூண்டும் எல்ஹெச் ஹார்மோனை மூளை குறைத்துவிடும். உங்கள் விதைகள் வேலையை நிறுத்திவிடும். ஊசியைத் திடீரென்று விட்டால் சொந்த டெஸ்டோஸ்டிரோன் திரும்ப வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை சோர்வு, மனச்சோர்வு எல்லாம் இருக்கும். அதனால் ஹார்மோன் மருத்துவர், அதாவது எண்டோகிரைனாலஜிஸ்ட் ஒருவரைப் பாருங்கள். ஜிம் டிரெய்னர் சொல்லும் 'சரிக்கட்டும் மாத்திரை' வேண்டாம்.

ஊசி போட்டுக்கொண்டே ஆபரேஷன் செய்தால் மிச்சமிருக்கும் துளிச் சுரப்பி மறுபடி வளரலாம். அடுத்த மாதம் செய்யக்கூடாது என்று நான் சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

ஜனவரி 15
உடம்பு இளைத்ததிலேயே தனக்குச் சரியாகிவிட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்கு நான் முதலில் போட்ட பதில் தவறு. "உடற்பயிற்சியால் ஒன்றும் ஆகாது" என்று எழுதிவிட்டேன், இப்போது நீக்கிவிட்டேன். அவருக்கு இருந்தது கொழுப்பு. எடை குறைந்ததும் அது குறைந்தது. அதற்குக் கத்தி தேவையே இல்லை. சுரப்பி இருப்பவனுக்குத்தான் இளைத்தாலும் நிற்கும், சில சமயம் சுற்றியிருந்த கொழுப்பு போனதால் இன்னும் எடுப்பாகத் தெரியும். மார்புத் தசை சுரப்பிக்குப் பின்னால் இருக்கிறது. தசையை வளர்த்தால் அது சுரப்பியை முன்னே தள்ளும்.

இரண்டு வகைக்கும் பொதுவான ஒன்று: எடை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது ஆபரேஷன் வேண்டாம். சில மாதம் ஒரே எடையில் நின்ற பிறகு செய்வதுதான் நல்லது.

ஜனவரி 21
வலி பற்றிக் கேட்டீர்கள். நேரம் கிடைத்தது, முழுதாக எழுதுகிறேன்.

காலையில் நிற்க வைத்து, மார்பில் பேனாவால் கோடு போட்டார்கள். நிற்க வைத்துத்தான் போட வேண்டும், படுத்தால் எல்லாம் பரவிவிடும். அப்புறம் முழு மயக்கம். கண் விழித்தபோது நெஞ்சைச் சுற்றி இறுக்கமான உறை, இரண்டு பக்கமும் ஒவ்வொரு மெல்லிய குழாய், குழாய் முனையில் அழுத்தி விட்ட சிறு டப்பா. உள்ளே ஊறும் ரத்தமும் நீரும் அதில் வந்து சேரும். வலி என்றால் கூர்மையான வலி இல்லை. பழக்கமில்லாமல் ஒரே நாளில் நூறு தண்டால் எடுத்த மாதிரி கனமான வலி. சாதாரண வலி மாத்திரையிலேயே அடங்கியது.

எனக்குச் செய்தது இரண்டும்: கொழுப்புக்கு லைபோசக்ஷன், சுரப்பிக்குக் காம்பைச் சுற்றியிருக்கும் கருவட்டத்தின் கீழ் ஓரத்தில் அரைவட்ட வெட்டு. கருந்தோலும் வெளிர்தோலும் சேரும் கோட்டிலேயே வெட்டுவதால் தழும்பு அங்கேயே ஒளிந்துவிடும். இப்போது என் மனைவிக்குக்கூட தேடித்தான் கண்டுபிடிக்க முடிகிறது. எடுத்ததைப் போட்டோ எடுத்து வைத்திருந்தார்கள், காட்டினார்கள். கொழுப்பு மஞ்சள், சுரப்பி வெள்ளை. உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டு துண்டு. இவ்வளவுதானா என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்று இரவு 11 மணி வாக்கில் வலது பக்கம் மட்டும் இறுக ஆரம்பித்தது. உறை இறுக்கமோ என்று நினைத்தேன். இடது டப்பாவில் அடியில் கொஞ்சம் வெளிர் சிவப்பு. வலது டப்பா பாதிக்கு மேல் கருஞ்சிவப்பு. நர்ஸ் உறையைத் திறந்தபோது வலது மார்பு ஆபரேஷனுக்கு முன்னால் இருந்ததைவிடப் பெரிதாக, கல் மாதிரி, ஊதா நிறத்தில் இருந்தது. உள்ளே ரத்தம் கட்டிவிட்டது. சர்ஜன் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டார். மறுபடி தியேட்டர், மறுபடி மயக்கம். கட்டியை எடுத்துக் கசிந்த ரத்தக்குழாயை அடைத்தார்கள். இந்த ஆபரேஷனில் ஆரம்பத்தில் வரும் சிக்கல்களில் அதிகம் பார்ப்பது இதுதான். எனக்கு ஏன் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆனால் முந்தைய வாரம் தலைவலிக்கு ஐபுப்ரொஃபேன் போட்டிருந்தேன். அது ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். ஆஸ்பிரினும் அப்படித்தான். 'மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா' என்று கேட்டபோது, தலைவலி மாத்திரையெல்லாம் ஒரு மாத்திரையா என்று சொல்லாமல் விட்டேன். நீங்கள் சொல்லிவிடுங்கள்.

அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவது தவறு என்று சொல்ல வரவில்லை. நிறைய பேர் அன்றைக்கே போகிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. ராத்திரி ஒரு பக்கம் மட்டும் இறுகினால் யாருக்கு போன் செய்வது, யார் எடுப்பார்கள், எவ்வளவு நேரத்தில் வருவார்கள் என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஜனவரி 22
நேற்று விட்டுப்போனவை.

எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். என்னுடையது சாதாரணத் திசு என்று வந்தது. ஆணுக்கு மார்பகப் புற்று மிக அரிது, மொத்த மார்பகப் புற்றில் 1 சதவீதத்துக்கும் கீழே. ஆனாலும் காம்புக்கு நேர் அடியில் இல்லாமல் ஒதுங்கி, ஒரே பக்கம், கெட்டியாக, நகராமல் இருக்கும் கட்டி, உள்ளே இழுத்துக்கொண்ட காம்பு, காம்பிலிருந்து ரத்தம், குழிந்த தோல், அக்குளில் கட்டி, இதில் எது இருந்தாலும் அழகு ஆபரேஷன் பேச்சையே எடுக்காமல் உடனே போய்க் காட்டுங்கள். கிளைன்ஃபெல்டர் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து மற்ற ஆண்களைவிட அதிகம்.

சுரப்பியை முழுசாகச் சுரண்டி எடுக்கச் சொல்லாதீர்கள். காம்புக்கு அடியில் மெல்லிய ஒரு அடுக்கை விட்டு வைப்பார்கள். அதையும் எடுத்துவிட்டால் காம்பு உள்ளே விழுந்து குழி மாதிரி ஆகிவிடும், அதைச் சரிசெய்வது கடினம். என்னோடு வார்டில் இருந்தவர் வேறு இடத்தில் செய்ததில் அப்படி ஆகி, சரிசெய்ய வந்தவர். கொஞ்சம் மிச்சமிருந்தால் பிறகு எடுக்கலாம், எடுத்ததைத் திரும்ப வைக்கத்தான் வழியில்லை என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது.

காம்பில் உணர்ச்சி: இடது பக்கம் ஆறு மாதத்தில் திரும்பியது. வலது பக்கம் ரத்தம் கட்டிய இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இன்றும் மரத்துதான் இருக்கிறது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. உங்களுக்குப் படலாம், யோசியுங்கள்.

புகை பிடிப்பவர் என்றால் குறைந்தது நாலு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். புகை ரத்த ஓட்டத்தைச் சுருக்கும். காம்புத் தோலே கருகிப்போகலாம். உறை எனக்கு ஆறு வாரம். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒன்பதாம் நாள் போனேன். எடை தூக்க ஆறு வாரம் பொறுத்தேன். வீக்கம் முழுக்க வடிந்து உண்மையான வடிவம் தெரிய ஆறு மாதம் ஆனது. மூன்றாம் வாரம் கண்ணாடியைப் பார்த்து அழுதேன், ஒன்றுமே மாறவில்லை என்று. வீக்கம் அது.

பிப்ரவரி 4
13 வயது மகனைப் பற்றிக் கேட்ட சகோதரிக்கு. பருவ வயதில் பையன்களில் பாதிக்கு மேல் பேருக்கு ஏதோ ஒரு அளவில் இது வரும். 13, 14 வயதில் உச்சம். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷத்துக்குள் தானாகக் கரைந்துவிடும். இப்போது ஆபரேஷன் வேண்டாம், தைலம் தேய்க்கவும் வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, வளர்ச்சி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேகமாகப் பெரிதானாலோ, 17 வயதைத் தாண்டியும் இருந்தாலோ அப்போது பேசலாம்.

இன்னொன்று. அவனாக வந்து உங்களிடம் சொன்னான் என்று எழுதியிருக்கிறீர்கள். 13 வயதில் நான் யாரிடமும் சொல்லவில்லை. "பாதிப் பேருக்கு வரும், போய்விடும்" என்று யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால், போகாமல் தங்கியிருந்தால்கூட என் பள்ளிக்காலம் வேறு மாதிரி இருந்திருக்கும். அந்த ஒரு வரியை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கேலி செய்யும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் நிறுத்துங்கள்.

பிப்ரவரி 5
அப்பாவுக்கு 68 வயதில் புராஸ்டேட் புற்றுக்கான மாத்திரையால் மார்பு வலித்து வீங்குகிறது என்று கேட்டவருக்கு: அந்த மாத்திரை பைகலுடமைடு என்றால் இது மிகவும் சகஜம். மாத்திரையை நிறுத்தாதீர்கள். வீக்கத்தையும் வலியையும் தடுக்கவோ குறைக்கவோ, மார்பில் ஈஸ்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை தருவதுண்டு. சில இடங்களில் மருந்து ஆரம்பிக்கும் முன்பே மார்புக்குச் சிறிதளவு கதிரியக்கம் தருவார்கள். புற்றுநோய் டாக்டரிடமே கேளுங்கள். அப்பாக்கள் இதைத் தாங்களாகச் சொல்லமாட்டார்கள். உங்களிடம் சொன்னதே பெரிய விஷயம்.

டமாக்சிஃபென் எனக்கும் போதுமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். புதிதாக வந்து, தொட்டால் வலிக்கும் நிலையில் பலன் தரலாம். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனால் சுரப்பி நாராக இறுகிவிடும், அப்புறம் மாத்திரைக்குப் பெரிதாகக் கரையாது. 18 வருஷம் ஆன எனக்கு அதை யாரும் எழுதிக்கொடுக்கவே இல்லை.

பிப்ரவரி 19
கேள்விக்கு வெளியே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு முந்தைய மாதம் தூக்கம் வராமல் இதன் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். 7-ஆம் நூற்றாண்டில் ஈஜினா தீவைச் சேர்ந்த பவுல் என்ற கிரேக்க மருத்துவர், ஆண்களின் மார்பைப் பிறைவடிவ வெட்டுப் போட்டுக் குறைப்பதை எழுதி வைத்திருக்கிறார். பெண்தன்மை என்ற பழிச்சொல் வருவதால் அறுவை செய்வது தகும் என்று காரணமும் சொல்லியிருக்கிறார். மயக்க மருந்து இல்லாத காலம் அது! 1,300 வருஷத்துக்கு முன்னால் ஒருவன் இதற்காகக் கத்தியின் கீழே படுத்திருக்கிறான் என்று படித்தபோது என் தொண்டை அடைத்தது. எனக்குப் போட்ட அந்த அரைவட்ட வெட்டை ஜெரோம் வெப்ஸ்டர் என்ற அமெரிக்க சர்ஜன் 1946-ல் விவரித்தார். லைபோசக்ஷனுக்கு முன்னால் உப்புநீரில் மரத்துப்போகச் செய்யும் மருந்தும் அட்ரினலினும் கலந்து ஏற்றும் முறை 1987-ல் ஜெஃப்ரி கிளைன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் எழுதியது. அதனால்தான் ரத்த இழப்பு குறைந்தது.

இன்னொன்றும் படித்தேன். இரண்டாம் உலகப்போரில் முகாம்களில் பட்டினி கிடந்த கைதிகள் விடுதலையாகி மறுபடி சாப்பிட ஆரம்பித்தபோது, பலருக்கு மார்பு வளர்ந்தது. பட்டினியில் அடங்கிக் கிடந்த ஹார்மோன்கள் திரும்பி எழும்போது, இரண்டாவது பருவ வயது போல ஆகிவிடுமாம். பட்டினியிலிருந்து பிழைத்து வந்த உடம்புக்கே இது வருகிறது. இதில் ஆண்மைக் குறைவு எங்கே இருக்கிறது?

ஏப்ரல் 2
"உயிருக்கு ஆபத்தில்லாத விஷயத்துக்கு எதற்குக் கத்தி, மனதை மாற்றிக்கொள்ளலாமே" என்று ஒருவர். நியாயமான கேள்விதான், இரண்டு நாளாக யோசித்தேன்.

என் மனைவியும் இதையே சொன்னாள். "எனக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை" என்றாள். ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் பார்த்தது என்னை. நான் பார்த்தது கண்ணாடியில் தெரிந்த ஒரு பக்கவாட்டுக் கோட்டை. அந்தக் கோட்டுக்காக நான் செய்தவை அவளுக்குத் தெரியாது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் காம்பு சுருங்கித் தட்டையாகத் தெரியும் என்று, வெளியே போகும் முன் குளியலறையில் பச்சைத் தண்ணீரைக் கையில் ஏந்தி மார்பில் அடித்துக்கொள்வேன். வெயிலில் இறங்கினால் பத்து நிமிடத்தில் அது வீண். சட்டைக்குள் இறுக்கமான பனியன், அதற்கு மேல் இன்னொன்று. கூன் போட்டு நடந்து நடந்து தோள் அப்படியே நின்றுவிட்டது. நடக்கும்போது இரண்டு விரலால் சட்டையின் முன்பக்கத்தைக் கிள்ளி வெளியே இழுத்துவிடுவேன், நாளைக்கு எத்தனை முறை என்று கணக்கில்லை.

மனதை மாற்றிக்கொள்ள முடிந்தவர்கள் மாற்றிக்கொள்ளட்டும், அது உயர்ந்த வழி என்றே நினைக்கிறேன். என்னால் முடியவில்லை. 18 வருஷம் முயற்சி செய்தவன் அதை ஆசைக்காகச் செய்துகொண்டான் என்று யாரும் சொல்லக்கூடாது.

ஆனால் அந்தப் பக்கமும் ஒரு உண்மை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் வரை நான் சட்டையை இழுத்துக்கொண்டேதான் இருந்தேன். மார்பு தட்டை, விரல் மட்டும் போகும். மனைவி ஒருநாள் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள், ஒன்றும் சொல்லவில்லை. தட்டையான மார்போடு நடக்க நான் தனியாகப் பழக வேண்டியிருந்தது.

ஜூன் 11
முன்பு "சுரப்பி குழாயில் வராது" என்று அடித்துச் சொன்னேன். கொஞ்சம் திருத்த வேண்டும். அல்ட்ராசவுண்டு துணையோடும், மோட்டார் துணையோடும் செய்யும் லைபோசக்ஷனில் நார்ப்பாங்கான திசுவையும் ஓரளவு எடுக்கிறார்கள். குழாய் போன அதே சின்னத் துளை வழியாகச் சுரப்பியைத் துண்டு துண்டாக இழுத்து எடுக்கும் முறையும் உண்டு. அதனால் கருவட்டத்தில் வெட்டு இல்லாவிட்டால் மோசடி என்று நினைக்க வேண்டாம். 'சுரப்பி இருக்கிறதா, அதை எப்படி எடுப்பீர்கள்' என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வர வேண்டும், அவ்வளவுதான்.

நிறைய எடை குறைத்து, தோல் தொங்கிவிட்டவர்களுக்கு இது வேறு கதை. மார்பின் அளவையும் தோலையும் வைத்து 1973-ல் சைமன் என்ற சர்ஜன் வகுத்த வரிசையில் மூன்றாம் நிலை. உபரித் தோலையும் வெட்ட வேண்டும், தழும்பு பெரிது, சில சமயம் காம்பையே எடுத்து மாற்றி வைத்துத் தைப்பார்கள். என் அனுபவம் அங்கே உதவாது.

செப்டம்பர் 30
தம்பி வந்திருக்கிறார்! ஊசியை விட்டு எட்டு மாதம். நடுவில் மூன்று மாதம் எழுந்திருக்கவே மனமில்லாமல் இருந்ததாக எழுதியிருக்கிறார். ஹார்மோன் டாக்டர் கூடவே இருந்து கவனித்திருக்கிறார். இப்போது டெஸ்டோஸ்டிரோன் சொந்தமாகவே சரியான அளவுக்கு வந்துவிட்டதாம். தொட்டால் இருந்த வலி போய்விட்டது, அளவும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. 14 வயதில் வந்த பழைய வில்லை மட்டும் அப்படியே நிற்கிறது. புது சர்ஜன் படுக்க வைத்துத் தொட்டுப் பார்த்தாராம், விதையையும் பார்த்தாராம். "நீங்கள் எழுதியது போலவே விரலை வைத்தார் அண்ணா" என்று எழுதியிருக்கிறார். இன்னும் ஆறு மாதம் இதே நிலையில் நின்றால் செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

மார்ச் 17, 2024
செவ்வாய்க்கிழமை ஆபரேஷனாம். ராத்திரி தங்க வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார், சம்மதித்துவிட்டார்கள். போன் எண்ணும் வாங்கி வைத்திருக்கிறார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: என்ன உடை எடுத்துப் போவது?

முன்னால் பட்டன் வைத்த சட்டை தம்பி, ஒரு சைஸ் பெரிதாக. பத்து நாளைக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்க வராது, டி-ஷர்ட் போட முடியாது. உறைக்கு மாற்று ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றைத் துவைக்கும்போது இன்னொன்று வேண்டும். தலைமாட்டில் இரண்டு தலையணை கூடுதலாக வைத்து மல்லாந்து சாய்ந்து தூங்கப் பழகுங்கள், இன்றைக்கே ஆரம்பித்தால் நல்லது. தண்ணீர் பாட்டில் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைக்கச் சொல்லுங்கள். புதன்கிழமை இரண்டு டப்பாவிலும் எவ்வளவு வந்திருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.